அரசுக் கடனைக் கட்ட வட்டிக்காரர் வீட்டுக்கு

நெல் அறுவடை முடிந்து வேளாண் வங்கியின் தவணை நாள் நெருங்கும்போது, பர்மாவில் பெகு நகரைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் கைமாற்று வட்டி ஏறிவிடும். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. களத்தில் நெல் கிடக்கிறது, காசு வரவேண்டிய நேரம், இப்போது போய் எதற்கு வட்டிக்கு வாங்குகிறார்கள் என்று கேட்பார்கள். வங்கியில் கட்டத்தான். பழைய கடனை முழுசாகக் கட்டினால்தான் அடுத்த மழைக்குப் புதுக் கடன். எல்லாரும் ஒரே சமயத்தில் நெல்லை விற்க நிற்பதால் அப்போது விலையும் படுத்திருக்கும். அதனால் நகையை அடகு வைத்தோ, வெறும் வாய்ச்சொல்லின் பேரிலோ, மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து, ஆளைப் பொறுத்துப் பத்து என்று வெளியில் வாங்கி வங்கியில் கட்டிவிடுவார்கள். பிறகு உளுந்து விற்றோ, புதுக் கடன் வந்தோ வெளிக்கடன் அடையும். வங்கியின் பேரேட்டில் வசூல் பிரமாதமாக இருக்கும். வட்டிக்காரர் பெயர் அதில் எங்கும் வராது.

பர்மாவில் கிராமத்துக்கு அரசு கொடுக்கும் கடனைப் பற்றி யார் எழுதினாலும் வட்டி விகிதத்தில்தான் தொடங்குவார்கள். அரசு வங்கியில் ஆண்டுக்கு எட்டு, சில வருஷங்களில் அதற்கும் கீழே. வெளியில் மாதத்துக்கே ஐந்து, பத்து. இந்தக் கணக்கைப் பார்த்தால் வெளியில் வாங்குகிறவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்றுதான் தோன்றும். நான் ஊர்க் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். பர்மிய மொழியில் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக ஊர் நிதிக் குழுவின் கணக்குப் புத்தகத்தையும் என் தலையில் கட்டினார்கள். அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. எங்கள் ஊரில் வட்டியைப் பார்த்து யாரும் கடன் வாங்குவதில்லை. பணம் எந்த நாளில் வரும், எந்த நாளில் திருப்பிக் கேட்பார்கள் என்பதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

முதலில் வங்கிக் கடன். 1953இல் அரசு வேளாண் வங்கி தொடங்கியது. பெயரும் உருவமும் பல தடவை மாறி இன்று மியன்மா வேளாண் வளர்ச்சி வங்கியாக நிற்கிறது. நாட்டிலேயே நெல்லுக்கு அதிகம் கடன் கொடுப்பது இதுதான். ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கு. 2016இல் மழைக்கால நெல்லுக்கு ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் கியாட் ஆக்கினார்கள், அதற்கு முன் ஒரு லட்சம். பத்து ஏக்கருக்கு மேல் வைத்திருந்தாலும் பத்துக்குத்தான் கிடைக்கும். ஐந்து முதல் பத்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கவேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். உழவுக்கு டிராக்டர் வாடகை, நாற்று, நடவுக் கூலி, யூரியா, அறுப்பு எல்லாம் கூட்டினால் இந்தப் பணம் செலவில் பாதியைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

சரி, பாதியாவது கிடைக்கிறதே என்றால், நாற்றங்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று மழை யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வைகாசியில் மழை முந்திவிட்டால் உழவுக்காரனுக்கு அன்றைக்கே பணம் கொடுக்கவேண்டும். வங்கிக் கடனோ மேலே ஒப்புதல் ஆகி, வட்டாரத்துக்கு வந்து, ஊர்வாரியாக நாள் குறித்து, பிறகுதான் கைக்கு வரும். இடையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் வட்டிக்காரர் வாழ்கிறார். அவரிடம் படிவம் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்குப் போனாலும், ஒரு கிளாஸ் லபே, அதாவது தேநீர், ஊற்றிக் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணிக் கையில் வைப்பார். காசாகத் திருப்ப முடியாதவர்களுக்கு சபாபே என்று ஒரு வழி உண்டு. மழையில் பணம் வாங்கி, அறுப்பில் நெல்லாக அளந்துவிடுவது. கூடைக்கு நாற்பத்தாறு ராத்தல். எந்த விலைக்கு அளப்பது என்பது பணம் வாங்கும்போதே முடிவாகிவிடும். களத்தில் நெல் குவியும்போது அதில் ஒரு பங்கு ஏற்கெனவே அடுத்தவருடையது.

இந்தக் கதையில் நம் ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் பேசினால் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தேக்கு எங்கிருந்து வந்தது, அதை வாங்கிய பணம் எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு கொஞ்சம் தளரும். பர்மியர்களிடம் பேசினால் செட்டியார் என்றதும் முகம் வேறுமாதிரி போகும். என் தாத்தா செட்டியாரும் இல்லை, பர்மிய நிலச்சுவான்தாரும் இல்லை; இரண்டு பேர் நிலத்திலும் கூலிக்கு நாற்று நட்டவர். அதனால் எனக்கு இரண்டு பக்கமும் சாய வேண்டிய அவசியம் இல்லை.

1852க்குப் பிறகு கீழ்ப் பர்மா முழுக்க ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காட்டையும் சதுப்பையும் வெட்டித் திருத்தி நெல் வயலாக்கினார்கள். திருத்துவதற்கும், மாடு வாங்கவும், அறுப்பு வரை சாப்பிடவும் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் கிராமத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த இடத்துக்குத்தான் நகரத்தார் வந்தார்கள். ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கிகள், அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த வீடுகள். அங்கிருந்து ஆற்றோர ஊர்கள்வரை கடைகள். ஏஜெண்டு மூன்று வருஷக் கணக்கில் வருவார், கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறுவார். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள், கடனில் நிற்கும் பணம் சுமார் 75 கோடி ரூபாய். மக்கள் குடியிருக்கும் பகுதிகளில் ஏறக்குறைய எந்த விவசாயிக்கும் ஒரு நாள் பயணத்துக்குள் ஒரு செட்டியார் கடை இருந்ததாகவும் அந்தக் குழு எழுதியது.

அந்தக் காலத்தில் அரசுக் கடன் இல்லாமல் இல்லை. 1883, 1884 சட்டங்களின்படி நில மேம்பாட்டுக்கும் விதை, மாட்டுக்கும் தக்காவிக் கடன் இருந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் 1905 முதல் இருந்தன. இரண்டும் செட்டியாருக்குப் போட்டியாகவில்லை. தக்காவி வாங்க மனு, விசாரணை, கூட்டு ஜாமீன் என்று அலையவேண்டும், தவணையில் நெளிவுசுளிவு கிடையாது. கூட்டுறவுச் சங்கங்கள் வேகமாகப் பெருகி, 1930களுக்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டன. நூறு வருஷம் கழித்தும் எங்கள் ஊரில் அதே மனு, அதே கூட்டு ஜாமீன், அதே தாமதம். இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை விழுந்தது. 1930இன் கடைசியில் தர்ராவதி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி வெடித்தது. கடன் வாங்கியவர்களால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. அடமானத்தில் இருந்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது, 1938இல் இருபத்தைந்து பங்கு. நிலம் வேண்டும் என்று அவர்கள் வரவில்லை என்பது உண்மை. பணத்தைச் சுழற்றுகிறவனுக்கு விற்க முடியாத வயல் ஒரு சுமை. ஆனால் நிலத்தை இழந்தவன் வீட்டில் உட்கார்ந்து இந்த நியாயத்தைச் சொல்ல முடியுமா? 1942இல் ஜப்பான் வந்தது. கப்பலிலும் கால்நடையாகவும் எல்லாரும் ஓடினார்கள். 1948இல் நில தேசியமயச் சட்டம். போன நிலம் போனதுதான்.

ஓடாதவர்களும் ஓட வழியில்லாதவர்களும் எங்களைப் போன்ற கூலிக் குடும்பங்கள். 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். 1985இல் மறுபடியும். 1987இல் எழுபத்தைந்து, முப்பத்தைந்து, இருபத்தைந்து கியாட் நோட்டுகளை, பதில் நோட்டுகூடக் கொடுக்காமல், ஒரே அறிவிப்பில் காகிதமாக்கினார்கள். வங்கியில் போட்டு வை, அரசை நம்பு என்று இதற்குப் பிறகு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் இன்றும் எங்கள் பெண்கள் கையில் நாலு காசு வந்தால் பட்டணத்துக்குப் போய்க் கால் பவுன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மழைக்காலத்தில் அது அடகுக்கடைக்குப் போகும், தையில் திரும்பி வரும். போகாத வருஷம் வந்தால் எங்கள் அம்மாவுக்கு அதுதான் தீபாவளி.

தமிழர்களுக்கு இன்னொரு முடிச்சு காகிதம். கடன் கேட்டால் ஏழாம் படிவம் கேட்பார்கள். 2012 விளைநிலச் சட்டப்படி உழும் உரிமைக்குக் கொடுக்கிற சான்று அது. ஏழாம் படிவம் வாங்க அடையாள அட்டை வேண்டும். 1982 குடியுரிமைச் சட்டம் மனிதர்களை மூன்று நிறமாகப் பிரித்தது. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடிமகனுக்கு நீலம், குடியுரிமை பெற்றவருக்குப் பச்சை. ஒரே வீட்டில் அண்ணனிடம் ஒரு நிறமும் தம்பியிடம் ஒரு நிறமும் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. அட்டையே இல்லாத பெரியவர்களும் இருக்கிறார்கள். மூன்று தலைமுறையாக உழுத வயல் பக்கத்து வீட்டுப் பர்மியர் பெயரில் இருக்கும். அவர் நல்லவராக இருந்தால் அவர் பெயரில் கடன் வாங்கி இவர் கையில் கொடுப்பார். அவர் செத்த பிறகு அவர் மகனும் நல்லவனாக இருக்கவேண்டும்.

வயலே இல்லாதவர்களுக்கு? வங்கிக் கடன் நெல்லுக்கும் மற்றப் பயிருக்கும்தான். முறுக்கு சுட, வாத்து வளர்க்க, தையல் மெஷின் வாங்க, சைக்கிளில் மீன் விற்க அதில் இடமில்லை. ஊரில் பாதிப் பேர் நிலமில்லாதவர்கள். இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 2014இல் தொடங்கிய ம்யா செய்ன் யவுங், அதாவது மரகதப் பச்சைத் திட்டம். கிராம மேம்பாட்டுத் துறை ஊருக்கு 300 லட்சம் கியாட் கொடுக்கும். (பர்மியர்களும் நம்மைப் போல லட்சத்தில்தான் எண்ணுவார்கள், அதனால் எங்களுக்கு மில்லியன் தொல்லை இல்லை.) அந்தப் பணம் அரசுக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஊரே குழு அமைத்து, ஊராருக்கே குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்து, வசூலித்து, மறுபடி அடுத்தவருக்குக் கொடுத்துச் சுழற்றிக்கொள்ளவேண்டும். ஊருக்கு மானியம், ஆளுக்குக் கடன்.

கூட்டம் மடத்துத் தர்ம மண்டபத்தில் நடக்கும். பாயில் ஒரு பக்கம் பர்மியர், ஒரு பக்கம் நாங்கள், நடுவில் வெற்றிலைத் தட்டு. மனுவை நான் உரக்க வாசிக்கவேண்டும். ஒருமுறை எங்கள் தெருக்கோடி அக்கா உளுந்து உடைக்கும் மெஷினுக்கு ஐந்து லட்சம் கேட்டார். சின்ன டீசல் எஞ்சின், பெல்ட், கல் உருளை, சலிக்கத் தகரச் சல்லடை, அவ்வளவுதான். ஊரைச் சுற்றி விளையும் உளுந்து முழுசாக மூட்டை கட்டி ரங்கூனுக்குப் போகிறது. இங்கே தோசை சுடுகிற பர்மியக் கடைக்காரருக்குக்கூட உடைத்த பருப்பு பட்டணத்திலிருந்துதான் திரும்பி வருகிறது. அதை இங்கேயே உடைத்தால் பருப்பும் விற்கலாம், தோலை மாட்டுக்கும் விற்கலாம் என்று அவர் கணக்குச் சொன்னார். “சயாமா, இதை நல்லா எழுதிக்கங்க, தோலும் காசுதான்” என்று என்னிடம் தனியாக வேறு வந்து சொன்னார். (சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சர்.)

குழு மூன்று லட்சம் கொடுத்தது. ஏன் குறைத்தார்கள் என்றால், அவருக்கு ஐந்து கொடுத்தால் எல்லாரும் ஐந்து கேட்பார்கள். இதுதான் ஊர் நிதியின் குணம். பணம் பொதுவாக இருப்பதால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பிரிந்துபோகும். யாருக்கும் ஒரு தொழில் தொடங்கப் போதாது, எல்லாருக்கும் ஒரு மாதம் ஓட்டப் போதும். கல்யாணம், வைத்தியம், பழைய கடன் என்று போன பணத்தைப் புத்தகத்தில் வியாபாரம் என்று எழுதியிருக்கிறேன், மனுவில் அப்படித்தான் இருந்தது. அக்கா மீதி இரண்டு லட்சத்துக்கு வளையலை வைத்தார். மெஷின் வந்தது.

மெஷின் வந்ததும் வேறு சிக்கல். உளுந்து மாசி பங்குனியில் களத்துக்கு வரும்போதுதான் மலிவு. அப்போது வாங்கி இருப்பு வைத்தால்தான் ஆறு மாதம் உடைத்து விற்க முடியும். ஊர்க் கடனோ வருஷத்துக்குள் திரும்பவேண்டும். மெஷினுக்கு வாங்கிய பணத்தையே இன்னும் அடைக்காதவருக்குச் சரக்குப் பிடிக்க யார் கொடுப்பார்? அதே வட்டிக்காரர்தான். அவரே உளுந்து வியாபாரியும்கூட. பாதிச் சரக்கை அவர் கடனாகப் போட்டு, உடைத்த பருப்பை அவரே எடுத்துக்கொள்வதாகப் பேசினார்கள். அக்கா முதலாளி ஆனாரா, கூலிக்கு உடைப்பவர் ஆனாரா என்பதை என் கணக்குப் புத்தகம் சொல்லாது. தவணை தவறவில்லை என்று மட்டும் சொல்லும்.

வசூலைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் கடன் கொடுப்பதில் பெரிய லாபம், ஆளைத் தெரியும். யார் சூதாடுவார், யார் வீட்டில் உண்மையிலேயே நோவு என்பதெல்லாம் படிவத்தில் வராத விஷயம். பெரிய நஷ்டமும் அதே இடத்தில்தான். முகதாட்சண்யம். குழுவில் இருப்பவரின் மைத்துனர் கட்டாவிட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஏழைக் கிழவி இரண்டு நாள் பிந்தினால் எல்லாரும் நியாயம் பேசுவார்கள். தனியார் குறுங்கடன் நிறுவனங்கள் 2011 சட்டத்துக்குப் பிறகு நிறைய வந்தன. மாதத்துக்கு இரண்டரை வட்டி, 2019இல் ஆண்டுக்கு 28 என்று உச்சவரம்பு இன்னும் குறைந்தது. அவர்களிடம் முகதாட்சண்யம் கிடையாது, அதனால் சில பெண்கள் அவர்களையே விரும்புகிறார்கள். வாரம் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வருவான், எல்லாருக்கும் ஒரே பேச்சு.

விலை விழுந்தால் எந்தக் கடனும் தாங்காது என்பதையும் பார்த்தோம். 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு வரம்பு வைத்தது: துவரை இரண்டு லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து மூன்று லட்சம் டன். இந்தியாவில் விளைச்சல் நன்றாக இருந்ததால் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த விலை இன்னும் சரிந்தது. அங்கே இட்லி சாப்பிடுகிறவர்களுக்கு அது ஒரு செய்திகூட இல்லை. இங்கே அந்த வருஷம் நகை திரும்பி வரவில்லை. 2021இல் ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை எடுத்துக்கொள்வதாக இந்தியா சொன்னது. எங்களூர்ப் பயிருக்கு டில்லி போட்ட அந்தக் கையெழுத்து எந்தக் கடன் திட்டத்தையும்விட அதிகம் உதவியது என்பேன்.

2020இல் கொரோனா நிவாரணமாக நூறு பில்லியன் கியாட் நிதி, ஆண்டுக்கு ஒரே ஒரு விழுக்காடு வட்டி என்று அறிவித்தார்கள். ஓட்டல், தையல் ஆலை, சிறு நடுத்தரத் தொழில்களுக்கு. பதிவுச் சான்றும் வரிக் கணக்கும் உள்ளவர்களுக்கு அது நல்ல திட்டம். உளுந்து உடைக்கிற அக்காவிடம் இருப்பது ஒரு பெல்ட்டும் சல்லடையும். அடுத்த வருஷம் பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வங்கி வாசலில் சொந்தப் பணத்தை எடுக்கவே வரிசை. கியாட்டின் மதிப்பு கரைந்தது, யூரியா மூட்டை பல மடங்கு ஏறியது. ஊர் நிதி 300 லட்சம் என்று புத்தகத்தில் இன்னும் இருக்கலாம். அதைக் கொண்டு 2014இல் வாங்கியதில் கால்வாசிகூட இன்று வாங்க முடியாது. சுழல் நிதி சுழலச் சுழலத் தேய்கிறது.

பணம் அதிகம் வேண்டும், வட்டி குறையவேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். நான் கேட்பது அதைவிடச் சல்லிசு. நெல் கடனின் தவணையை உளுந்து விற்கும்வரை, சித்திரைப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடியும்வரை தள்ளிப்போடட்டும். அரசுக்கு அதனால் இரண்டு மாத வட்டி வரும், நஷ்டமில்லை. அதற்கே வெளிக்கடனில் பாதி குறைந்துவிடும். ஊர் நிதியில் வருஷத்துக்கு மூன்று பேருக்காவது கேட்டதை முழுசாக, இரண்டு வருஷத் தவணையில் கொடுக்கட்டும். யார் அந்த மூன்று பேர் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தாலும் சரி, மைத்துனர் தொல்லை ஒழியும். இதைக் கூட்டத்தில் சொன்னேன். குழுத் தலைவர் உட்பட எல்லாரும் தலையாட்டினார்கள். துறைக்கு எழுதிக் கேட்கவேண்டும், மனு எழுது சயாமா என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.